செத்த ஹீலர் ஹீல் போட முடியாது
கேம் பக்கம்: வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த மாதம் ஹீலர்கள், அதாவது கூட ஆடுபவர்களின் உயிரை ஏற்றிக் காப்பாற்றுகிறவர்கள், மொத்தமாகப் படையெடுத்திருக்கிறார்கள். போன இதழில் முன்னால் நின்று அடி வாங்கும் டாங்க் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதற்குப் பழிவாங்கல் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் ப்ரீஸ்ட் என்ற ஹீலர் கேரக்டரை ஆடுகிற ஆள்தான், அதனால் இந்தப் பழிவாங்கலில் எனக்கு வருத்தமில்லை. முதல் கேள்விக்கே பாதிப் பக்கம் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும். புதியவர்களுக்கு ஒரு வரி: இன்ட் என்றால் அறிவு, வைட் உடல்வலு, டெக்ஸ் கைத்திறன், ஹெச்பி உயிர், எஸ்பி ஸ்கில் போடச் செலவாகும் சக்தி. லெவல் ஏறும்போது கிடைக்கும் ஸ்டேட்டஸ் பாயின்ட்டைக் கொடுத்துத்தான் முதல் மூன்றையும் ஏற்ற வேண்டும்.

*

ரேக்னராக் ஆன்லைனில் ப்ரீஸ்ட் வைத்திருக்கிறேன். பழைய விதிகளில் ஓடும் சர்வர். பேஸ் லெவல் 72. என் இன்ட் 70, ஜாப் போனஸ், தொப்பி, பிளெஸ்ஸிங் மந்திரம் எல்லாம் சேர்த்து 86 காட்டுகிறது. வைட் 20, டெக்ஸ் 30. ரெண்டு லெவலாகச் செலவு பண்ணாமல் 35 ஸ்டேட்டஸ் பாயின்ட் சேர்த்து வைத்திருக்கிறேன். 'கண்ணை மூடிக்கிட்டு இன்ட்ல போடு' என்கிறார்கள் கில்டில். கிளாஸ்ட் ஹெய்ம் கோட்டையின் சிவல்ரி பகுதிக்குப் போனால் எங்கள் பார்ட்டி தாங்குவதே இல்லை. நான் விழுந்த கொஞ்ச நேரத்தில் நைட்டும் விழுந்துவிடுகிறான். ஹீல் பத்தவில்லையா?
*ஈரோடு வாசகர்*

கண்ணைத் திறந்துகொண்டு போடலாம், வாருங்கள்.

பழைய விதிப்படி ஹீல் கணக்கு ரொம்ப எளிது. பேஸ் லெவலையும் மொத்த இன்ட்டையும் கூட்டுங்கள். எட்டால் வகுங்கள். மீதியைத் தூக்கி எறியுங்கள். பத்தாம் லெவல் ஹீல் என்றால் வந்த எண்ணை 84-ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான். உங்களுக்கு 72-ம் 86-ம் சேர்த்து 158. எட்டால் வகுத்தால் 19, மீதி ஆறு. 19 பெருக்கல் 84, அதாவது 1596. திரையில் உங்களுக்குத் தெரியும் பச்சை எண் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

விஷயம் எல்லாம் அந்தத் தூக்கி எறிந்த மீதியில்தான் இருக்கிறது. கூட்டுத்தொகை 152-லிருந்து 159 வரை எதுவாக இருந்தாலும் ஹீல் அதே 1596. 160 தொட்டால் 1680. அடுத்த ஏற்றம் 168-ல்தான். நடுவில் ஏற்றும் இன்ட் எதுவும் ஹீலில் ஒரு புள்ளிகூடக் கூட்டாது.

இப்போது விலை. 70-லிருந்து 71-க்கு ஏற 8 பாயின்ட். அதற்கு மேல் 80 தாண்டும் வரை ஒவ்வொரு படிக்கும் 9. உங்கள் 35 பாயின்ட்டும் சரியாக 74 வரை கொண்டுபோகும். முதல் ரெண்டு படிக்கு 17 பாயின்ட் கொடுத்து 160-ஐத் தொடுவீர்கள், ஹீல் 84 கூடும். மிச்ச 18 பாயின்ட் ஹீலுக்கு எதுவும் செய்யாது. ஒன்றுமே கிடைக்காது என்று சொல்லவில்லை. மொத்த இன்ட் 90 ஆகிவிடுவதால் எஸ்பி ஊறுவதில் ஒன்று கூடும், ஏனென்றால் அந்தக் கணக்கு ஆறு ஆறாகப் போகிறது. நின்றுகொண்டிருந்தால் எட்டு விநாடிக்கு ஒரு எஸ்பி அதிகம். ஒரு ஹீலுக்கு 40 எஸ்பி. ஆக, அந்தக் கூடுதல் எஸ்பியால் ஒரே ஒரு ஹீல் தேற ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். எஸ்பி ஊறும் வேகத்தைக் கூட்டும் மேக்னிஃபிகாட் ஸ்கில் போட்டால் பாதி நேரம். எஸ்பி கொள்ளளவும் துளி ஏறும். இதற்கு 18 பாயின்ட்.

இன்னொன்று. அந்தக் கூட்டலில் பேஸ் லெவலுக்கும் இன்ட்டுக்கும் ஒரே மதிப்பு. ரெண்டு லெவல் ஏறி 74 ஆனால் 160 தானாக வந்துவிடும், ஒரு பாயின்ட் செலவில்லாமல். சும்மா கிடைக்கப்போவதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

சரி, அப்புறம் 35-ஐ எங்கே போடுவது? உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். 'நான் விழுந்த கொஞ்ச நேரத்தில் நைட்டும் விழுந்துவிடுகிறான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நைட் விழுந்ததால் நீங்கள் விழவில்லை. நீங்கள் விழுந்ததால் நைட் விழுகிறான். 1596 போய் 1680 ஆனால் ஆறு சதவீதம்கூட ஏறவில்லை. நீங்கள் உயிரோடு இல்லாத நேரத்தில் உங்கள் ஹீல் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். எனவே வைட்.

வைட் 20-லிருந்து 21-க்கு 3 பாயின்ட், அதற்கு மேல் 31 வரை படிக்கு 4. 35-ஐக் கொட்டினால் சுத்தமாக 29-ல் வந்து நிற்கும், ஒரு பாயின்ட் மிச்சமில்லாமல். ஒவ்வொரு வைட்டுக்கும் அடிப்படை ஹெச்பியில் ஒரு சதவீதம் கூடும். குடிக்கிற போஷன் ஒவ்வொன்றும் வைட்டுக்கு ரெண்டு சதவீதம் அதிகமாக ஏற்றும். அதைவிட முக்கியம், அசையவிடாமல் நிறுத்தும் ஸ்டன், ஸ்கில் போடவிடாத சைலன்ஸ் ரெண்டையும் தடுப்பது வைட்தான். சைலன்ஸ் ஆன ப்ரீஸ்ட்டைவிடப் பரிதாபமான ஜீவன் அந்த உலகத்தில் கிடையாது. எஸ்பி இருக்கும், ஹெச்பி இருக்கும், வாய் மட்டும் திறக்காது. சைலன்ஸைப் போக்கும் க்ரீன் போஷன் பையில் எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். ஷார்ட்கட்டில் வையுங்கள், பைக்குள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

டெக்ஸில் போட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். பழைய விதியில் ஹீலுக்குக் காஸ்ட் டைம், அதாவது போடுவதற்கு முன் முணுமுணுக்கும் நேரம், கிடையாது. போட்டதும் விழும், பிறகு ஒரு விநாடி காத்திருக்க வேண்டும். டெக்ஸ் அந்தக் காத்திருப்பைக் குறைக்காது. டெக்ஸ் தேவைப்படுவது கைரி எலெய்சன், மேக்னிஃபிகாட், சான்க்சுவரி மாதிரி முணுமுணுத்துப் போடுகிற ஸ்கில்களுக்கு. மொத்த டெக்ஸ் 150 ஆனால் எல்லாமே உடனடி. ஆனால் 150 வரை போகிற வழியில் ஒவ்வொரு டெக்ஸும் குறைப்பது நூற்றைம்பதில் ஒரு பங்குதான். உங்கள் 35 பாயின்ட்டுக்கு டெக்ஸ் 37 வரை ஏறும். நான்கு விநாடி பிடிக்கும் மேக்னிஃபிகாட்டில் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமாகாது. டெக்ஸ் பாதையில் போகிறவர்கள் கடைசி வரை போக வேண்டும். பாதியில் இறங்கினால் பஸ் டிக்கெட் காசும் போச்சு, ஊரும் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு 'இன்ட்டே வேண்டாம்னு எழுதிட்டாங்க' என்று கில்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஃபுல் சப்போர்ட் ப்ரீஸ்ட்டுக்கு முதல் தூண் இன்ட்தான். லெவல் 99 வரை உங்களுக்குக் கிடைக்கப்போவது மொத்தம் 1273 பாயின்ட். ஒரு ஸ்டேட்டை 1-லிருந்து 99-க்கு ஏற்ற 628 ஆகும். ரெண்டை முழுசாக ஏற்றினால் 1256 போய், மீதி நாலு ஸ்டேட்டுக்கும் சேர்த்து 17 கையில் நிற்கும். அதிலும் கடைசி ஓட்டம்தான் கொள்ளை. 91-லிருந்து 99 வரை எட்டே படி, 88 பாயின்ட். அதே காசுக்கு ஒன்றில் கிடக்கும் வைட்டை 30-க்குக் கொண்டுவந்து ரெண்டு பாயின்ட் திரும்ப வாங்கலாம். இன்ட்டை 90 பக்கத்தில் நிறுத்திவிட்டு, அன்றைய லெவலோடு கூட்டினால் எட்டின் மடங்கில் உட்காருகிறதா என்று பாருங்கள். பிளெஸ்ஸிங்கின் பத்தையும் கூட்டி எண்ணுங்கள். தன்மேல் பிளெஸ்ஸிங் போடாமல் சுற்றும் ப்ரீஸ்ட்டை எனக்குப் பிடிக்காது.

முக்கியமானதை விட்டுவிட்டேன் பாருங்கள். சிவல்ரியில் உங்களைக் கொல்வது யார்? கிட்டே வந்து வெட்டும் ரேட்ரிக் என்ற எதிரிகளை நைட் பிடித்துக்கொள்வான். தூரத்தில் நின்று அம்பு விடும் ரேட்ரிக் ஆர்ச்சர்களைத்தான் யாரும் பிடிப்பதில்லை, அவை உங்களைத்தான் குறிவைக்கும். அதற்கு வைட் அரை மருந்துதான். முழு மருந்து நியூமா. உங்களைச் சுற்றி மூன்றுக்கு மூன்று கட்டத்துக்குள் அம்பு எதுவும் ஏறாது, பத்து விநாடிக்கு. ப்ரீஸ்ட் ஆவதற்கு முந்தைய அகோலைட் காலத்திலேயே வார்ப் போர்ட்டல் நான்கு லெவல் எடுத்தால் கிடைத்திருக்கும் ஸ்கில் அது. உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. எடுத்திருந்தால் பயன்படுத்துங்கள். எடுக்கவில்லையென்றால் ஸ்டேட்டஸ் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் அதற்குக் கவலைப்படுங்கள். அது மந்திரத்தைத் தடுக்காது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பின்குறிப்பு: 2010-ல் கொரியாவில் வந்த ரினீவல் விதிகளில் ஓடும் சர்வர் வாசகர்கள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டாம். அங்கே ஹீலில் மந்திரத் தாக்குதலும் சேரும். காஸ்ட் டைமில் ஸ்டேட்டால் குறையும் பகுதி முழுசாகப் போக டெக்ஸ் இருமடங்கும் இன்ட்டும் சேர்ந்து 530 ஆக வேண்டும். வேறு கதை, வேறு இதழில்.

*

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் ஹோலி ப்ரீஸ்ட். லெவல் 60 ஆகிவிட்டது. கியர் தேர்ந்தெடுக்கும்போது இன்டலெக்ட் பார்ப்பதா, ஸ்பிரிட் பார்ப்பதா?
*கொழும்பு வாசகி*

இங்கே பாயின்ட் கொடுத்து ஏற்றும் வேலை இல்லை, எல்லாம் உடுப்பில். ஆனால் சண்டை அதேதான்.

பத்து இன்டலெக்ட் உங்களுக்கு 150 மானா (ஸ்பெல் போடச் செலவாகும் சக்தி) தரும், சண்டை தொடங்கும்போதே கையில். பத்து ஸ்பிரிட் ரெண்டு விநாடிக்கு இரண்டரை மானா தரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மானா செலவாகும் ஸ்பெல் ஒன்றைப் போட்டதும் ஐந்து விநாடிக்கு ஸ்பிரிட் தூங்கிவிடும். மெடிடேஷன் டேலன்ட் முழுசாக எடுத்திருந்தால் அந்தத் தூக்கத்திலும் 15 சதவீதம் வரும். அதனால் பத்து ஸ்பிரிட் அந்த 150 மானாவைச் சம்பாதிக்க, நீங்கள் ஸ்பெல் போடாமல் மொத்தம் 120 விநாடி சும்மா நிற்க வேண்டும்.

நீங்கள் சும்மா நிற்கிறீர்களா? அதுதான் கேள்வி. ஐந்து பேர் டஞ்சனில், இழுத்துப் பிடித்து ஆடுகிற பார்ட்டி என்றால், ரெண்டு நிமிஷச் சண்டையில் எங்கே நிற்பது, இன்டலெக்ட் எடுங்கள். நாற்பது பேர் ரெய்டில் உங்களோடு இன்னும் நிறைய ஹீலர்கள் இருப்பார்கள். ஐந்தாறு நிமிஷம் ஓடும் பாஸிடம் முறை வைத்து ஹீல் போடும் ரெய்டானால், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரம் உண்மையிலேயே கிடைக்கும். அங்கே ஸ்பிரிட் சம்பாதிக்கும்.

ரெண்டுக்கும் மேலாக, ஹீலிங் கூட்டும் உடுப்பு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அது இருந்தால் பெரிய ரேங்க் ஸ்பெல்லுக்குப் பதில் சின்ன ரேங்க் போட்டே ஒப்பேற்றலாம், ஏனென்றால் கூடுதல் ஹீலிங் காஸ்ட் டைமைப் பார்த்துச் சேருகிறதே தவிர, மானா விலையைப் பார்த்து அல்ல. டாங்க் 600 இழந்திருக்கும்போது 2000 ஊற்றுகிற பழக்கம் இருந்தால் எந்த ஸ்டேட்டும் உங்களைக் காப்பாற்றாது. ரேங்க் ரெண்டையோ மூன்றையோ தனிப் பட்டனில் வையுங்கள்.

*

ஃபைனல் ஃபேன்டசி 14-ல் ஒயிட் மேஜ். உடுப்பில் பதிக்கிற எல்லா மெட்டீரியாவும் பையட்டி போட்டிருக்கிறேன். எம்பி (மந்திர சக்தி) தீரவே தீராது. ஆனால் கூட ஆடுபவர்கள் சிரிக்கிறார்கள்.
*கோயம்புத்தூர் வாசகர்*

சிரிப்பது தப்பு. ஆனால் காரணம் இருக்கிறது. 2019-லிருந்து எல்லாருக்கும் எம்பி கொள்ளளவு ஒரே 10,000. பையட்டி கூட்டுவது எம்பி திரும்பி வரும் வேகத்தை மட்டும். சண்டை முடிகிறபோது உங்களிடம் 6,000 எம்பி மிச்சமிருந்தால், அது யாருக்கும் பயன்படாமல் போன பையட்டி.

எம்பி ஏற்றும் லூசிட் ட்ரீமிங்கை அறுபது விநாடிக்கு ஒருமுறை மறக்காமல் தட்டுங்கள். அதற்கப்புறமும் தீர்ந்தால் பையட்டி கொஞ்சம் வையுங்கள். இறந்தவர்களை எழுப்ப ஒரு ரெய்ஸுக்கு 2,400 எம்பி போகும். புதிய சண்டை பழகும் வாரங்களில் நாலு பேரை எழுப்ப வேண்டி வரும், அப்போது பையட்டி நியாயம். பழகின சண்டைக்கு அதைக் கழற்றிவிட்டு கிரிட்டிக்கல் போடுங்கள். அந்த ஆட்டத்தில் ஹீலருக்குப் பாதி வேலை அடிப்பதுதான், கிளேர் என்ற தாக்குதல் ஸ்பெல்லைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஹீல் மட்டும் போடுவேன் என்று நிற்பவரைப் பார்த்துத்தான் அவர்கள் சிரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

*

என் மகன் பத்தாம் வகுப்பு. ஏதோ கேமில் கேரக்டரின் 'ஸ்டேட்டஸ் தப்பாகிவிட்டது, ரீசெட் பண்ண வேண்டும்' என்று பணம் கேட்கிறான். இது என்ன? கொடுக்கலாமா?
*திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்*

அம்மா, அவன் சொல்வது பொய் இல்லை. லெவல் ஏற ஏறக் கிடைக்கும் பாயின்ட்டுகளை பலம், அறிவு, உயிர் என்று பிரித்துப் போடுவார்கள். போட்டதை எடுக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் திரும்பப் பெற்றுப் புதிதாகப் போடுவதுதான் ரீசெட். சில கேம்களில் அதை விளையாட்டுப் பணத்திலேயே செய்யலாம், சிலவற்றில் குறிப்பிட்ட லெவல் வரை இலவசம், சிலவற்றில் மட்டும்தான் நிஜ ரூபாய். முதலில் அவனுடைய கேமில் இலவச வழி இருக்கிறதா என்று அவனையே பார்த்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும்.

அப்படி இல்லையென்றால், ரீசெட்டுக்கு அப்புறம் எந்த ஸ்டேட்டில் எவ்வளவு போடப் போகிறான் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். மொத்தம் சரியாக வருகிறதா பாருங்கள். கணக்கு வராமல் கேட்டால் அடுத்த மாதம் மறுபடி இதே கோரிக்கையோடு வந்து நிற்பான். கணக்கோடு வந்தால் கொடுங்கள், ஆனால் கேமுக்குள்ளே இருக்கும் கடையில் உங்கள் கண் முன்னால் வாங்க வேண்டும். 'குறைந்த விலைக்கு ரீசெட் செய்து தருகிறேன், பாஸ்வேர்டை மட்டும் கொடு' என்று சாட்டில் வரும் அண்ணன்களிடம் கொடுத்தால் கேரக்டரே போய்விடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அதை வீட்டில் நிறையப் பேர் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

*

பார்ட்டியில் யார் செத்தாலும் ஹீலரைத்தான் திட்டுகிறார்கள். என்ன பதில் சொல்வது?
*சேலம் வாசகி*

'சாட்டில் டைப் பண்ணிய நேரத்தில் ரெண்டு ஹீல் போட்டிருப்பேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த முறை திட்டியவருக்கு பஃப் (பலம் கூட்டும் மந்திரம்) போட மறந்துவிடுங்கள். மறதி எல்லாருக்கும் வரும்.

*

மீண்டும் ரேக்னராக். பார்ட்டி கிடைக்காத நேரத்தில் என் ப்ரீஸ்ட் தனியாக லெவல் ஏற முடியுமா? அதற்கு லக் ஏற்றச் சொல்கிறார் நண்பர். லக்கெல்லாம் வீண்தானே?
*தஞ்சாவூர் வாசகர்*

உங்கள் நண்பர் விவரமானவர். அவர் மனதில் வைத்திருப்பது டர்ன் அன்டெட். அன்டெட் எனப்படும் நடமாடும் பிண வகை எதிரி ஒன்றை ஒரே வீச்சில் தரையோடு அனுப்பும் ஸ்கில். அதன் வாய்ப்புக் கணக்கில் லக், இன்ட், பேஸ் லெவல் மூன்றுக்கும் ஒரே எடை, புள்ளிக்கு 0.1 சதவீதம். பத்தாம் லெவல் ஸ்கில் தன் பங்குக்கு 20 சதவீதம் தரும். லெவல் 80, மொத்த இன்ட் 100, லக் 20 என்றால் முழு உயிரோடு நிற்கும் எதிரியிடம் 40 சதவீதம். எதிரியின் உயிர் குறையக் குறைய இன்னும் 20 வரை ஏறும். அதனால் முதலில் ஒரு ஹீல் போட்டுச் சுட்டுவிட்டு அப்புறம் டர்ன் அன்டெட் போடலாம். அன்டெட் மேல் ஹீல் பாதி அளவுக்கு அடியாக விழும், தெரியும்தானே.

லக்கை 1-லிருந்து 21-க்கு ஏற்ற 50 பாயின்ட், கிடைப்பது 2 சதவீதம். அதே 50-ஐ ஏற்கெனவே 80 தாண்டிய இன்ட்டில் போட்டால் ஐந்து படிதான், அரை சதவீதம். எனவே இந்த ஒரு வேலைக்கு லக் மலிவு. ஆனால் தினமும் தனியாகப் போகிறவராக இருந்தால் மட்டும். வாரத்தில் ஒரு நாள் பார்ட்டி கிடைக்காததற்காக 50 பாயின்ட் போடாதீர்கள், அதை வைட்டுக்குக் கொடுங்கள். ஜாப் போனஸாகவே ப்ரீஸ்ட்டுக்குக் கொஞ்சம் லக் வந்துசேரும்.

ஈவில் ட்ரூயிட் என்ற அன்டெட் நிறைய இருக்கும் கிளாஸ்ட் ஹெய்ம் பக்கம் போய்ப் பாருங்கள். பாஸ் வகை எதிரிகளிடம் இந்த ஸ்கில் செல்லாது, அங்கே வீரம் காட்ட வேண்டாம். செத்தவரை எழுப்பும் ரிசரெக்ஷனுக்குத் தேவைப்படும் ப்ளூ ஜெம்ஸ்டோன் கொஞ்சம் கையில் வைத்திருங்கள். வழியில் யாராவது செத்துக் கிடந்தால் ரிசரெக்ஷன் போட்டுவிட்டு, பார்ட்டிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.